பதினொரு படமும் சாலையோரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், அதுவும் ஒரே பக்கத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறாய், ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீ அனுப்பிய பதினொரு படங்களும் மடங்காமல் கசங்காமல் வந்து சேர்ந்தன. அப்பா அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார், நாங்கள் இரண்டு நாளாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். மாடி வீட்டுப் பல் டாக்டர்கூட வந்து பார்த்துவிட்டு, வானத்தைத் தொவைச்சுக் காயப்போட்ட மாதிரி எடுத்திருக்காளே உங்க பொண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ப்ளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. அப்பாவின் செருப்புக் கடையில் பெண்கள் பிரிவை முதல் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், முப்பது வருஷம் கீழேயே நின்று விற்ற மனுஷன் இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் படி ஏறி இறங்குகிறார், கேட்டால் உடம்புக்கு நல்லதுதான் என்கிறார். சரி, வீட்டுக் கதை போதும், விஷயத்துக்கு வருகிறேன். போனில் கேட்டால் நீ சிரித்தே சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்தே உன் அம்மாவுக்குத் தலை நரைத்தது. ஓரமா நிறுத்தியிருந்த வண்டி மேல வந்து இடிச்சுட்டான் மேடம் என்பார்கள், படத்தைப் பார்த்தால் முன் சக்கரம் நடுரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். நீ அழகுக்காக எடுக்கிற படத்தில் நான் ஓட்டையைத்தான் தேடுவேன், கோபித்துக்கொள்ளாமல் கேள். மழைக்கு முன்னால் நீ அனுப்பிய படங்களில் நீ குன்று மேல் இருந்தாய், வயல் நடுவில் இருந்தாய், ஒன்றில் ஓடைக்கு நட்டநடுவில் நின்றிருந்தாய், நான் போன் போட்டுத் திட்டினேன். இந்தப் பதினொன்றிலும் சாலையோரத்தை விட்டு இருபது அடிகூட நகரவில்லை. ஒன்றில் ஓரத்தில் தார் தெரிகிறது, ஒன்றில் மைல்கல்லின் முதுகு தெரிகிறது. அடுத்தது உயரம். அந்த வேலிக் கம்பத்தில் மூன்று கம்பி ஓடுகிறதே, பழைய படத்தில் அடிவானம் மேல் கம்பிக்கு நேராக இருந்தது, அதே வேலி புதுப் படத்தில் நடுக் கம்பிக்கு இறங்கிவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்தேன். உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறாய், பதினொன்றையும். மேடு பள்ளம் ஏறி இறங்கிப் படம் எடுக்கிறேன் என்று போன பெண் எதில் சொகுசாக உட்கார்ந்து போகிறாள்? காரில்தான். யாருடைய கார்? ஏழாவது படத்தில் புல் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது, ஆண்பிள்ளை நிழல், இடுப்பில் ஒரு கை, முழங்கை டீ கப் கைப்பிடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரடி அவன்?

அங்கேயே இருக்கிறானே என்று உன் மாமாவுக்குப் போன் போட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும்தான் கேட்டேன். அவளுக்கென்னக்கா, மான்குட்டி மாதிரி ஓடுறா, என்னாலயே பின்னால ஓட முடியல என்கிறான் என் தம்பி. நான் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற ஆளைத்தான் நாங்கள் இரண்டாம் தடவை போய் விசாரிப்போம். ஆக அவனும் கூட்டு. காதல் என்றால் காதல் என்று சொல்லித் தொலை, நான் என்ன கடித்தா தின்றுவிடப் போகிறேன்? மறைப்பதுதான் எனக்கு ஆகாது. உன்னை அனுப்பும்போது நான் போட்ட நிபந்தனை ஞாபகம் இருக்கட்டும். கடைசி வருஷ ப்ராஜெக்ட், ஒரு வருஷம் முழுக்க வயல்வெளியாக அலைந்து படம் எடுக்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றாய், சரி என்றேன். ஆனால் ஏதாவது ஏடாகூடம் என்று என் காதில் விழுந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றும் சொன்னேன். அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கிறது, பத்தே நாளில் எனக்கு உண்மை வர வேண்டும்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு. மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் எங்கள் ஆபீஸில் முதல் ரிப்போர்ட்டைக் கிழிக்கக் கூடாது, தப்பாக இருந்தாலும் ஃபைலில் இருக்க வேண்டும், அதனால் இருக்கட்டும். காலையில் டீயோடு உட்கார்ந்து அப்பா கையில் லென்ஸைக் கொடுத்து மூன்றாவது படத்தைக் காட்டினேன், மழை விட்ட வயலில் குட்டைக்குள் வானம் தெரிகிறதே, அது. கீழ் மூலையில் சேற்றில் சின்னக் குழிகள் இருக்கின்றன, கேமரா ஸ்டாண்டு குத்திய குழி, ஸ்டாண்டு வைத்து ஆற அமர எடுத்திருக்கிறாள், கூடவே ஒருத்தன் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்று என் கேஸை விளக்கினேன். உனக்கு வேற வேலை இல்ல, படத்தைப் படமா பாரேன் என்று எப்போதும்போல் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. குழிகளை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவில் லென்ஸை வைத்தார். இது நான் எடுத்துக் குடுத்த ஷூம்மா, அடியில மீன்முள் கோடு, ஆறாம் நம்பர் என்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வரிசையா இடது காலாவே இருக்கே, வலது எங்க என்று கேட்டார்.

லென்ஸைப் பிடுங்கி நானே பார்த்தேன். ஸ்டாண்டுக்கு மூன்று கால், குழியோ இரண்டிரண்டாக இருக்கிறது, அதைக்கூட நான் எண்ணவில்லை. ஒரு இடது தடம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழி, மறுபடியும் ஒரு இடது தடம். இரண்டு அக்குளிலும் ஊன்றுகட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டு என் பிள்ளை அந்தச் சேற்றில் போய் வந்திருக்கிறாள், நான் காரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் மாமாவுக்குப் போன் போட்டு, உண்மையைச் சொல்றியா நான் கிளம்பி வரட்டுமா என்றேன். பத்து வாரத்துக்கு முன்னால் சரிவில் உருண்டு விழுந்தாய், கணுக்காலில் இரண்டு இடத்தில் உடைந்து தகடு வைத்தார்கள், காலையில் கடை கடையாக ரொட்டி போட்டு முடிந்ததும் தன் வேனிலேயே உன்னைக் கூட்டிப்போய் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறான், எல்லாம் கொட்டினான். அம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்பு போச்சு மாமான்னு என் கையப் புடிச்சுக்கிட்டு விடலக்கா என்று சொல்லிவிட்டு, ஐம்பது வயது ஆண்பிள்ளை, தேம்பித் தேம்பி அழுகிறான். அந்த நிழலும் அவன்தான். கூடப் பிறந்தவனின் முழங்கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை, எனக்குத்தான் கேஸ் முன்னாலேயே முடிந்துவிட்டதே.

இரண்டு பேரையும் வரிசையில் நிற்கவைத்து அறையணும் போல ஆத்திரம் வந்தது. பிறகு அழுதேன். தகடு வைத்த அந்த வாரம் போனில் அரை மணி நேரம் நான் உன்னிடம் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறேன், நீ அந்த வலியோடு உம் கொட்டியிருக்கிறாய். ஊரில் எவன் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை, என் பிள்ளை என்னிடம் பொய் சொல்லும்படி நான்தான் செய்து வைத்திருக்கிறேன். அந்த நிபந்தனையை நான் எடுத்துவிட்டேன். நீ வருஷத்தை முடி, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் முடி. படங்களை மறுபடி பார்த்தேன், இந்த முறை ஸ்கேல் இல்லாமல். தாழ உட்கார்ந்து எடுத்ததில் ஒவ்வொரு புல்லும் மரம் மாதிரி எழுந்து நிற்கிறது, குன்று மேல் நின்று எடுத்ததைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று, உன் மாமா சொன்னதை இன்னும் முழுசாக நம்பவில்லை. இரண்டு இடம் என்றால் எனக்கு மூன்று இடம் என்றுதான் கேட்கிறது, எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வை. கட்டையின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்று, ஈரத்தில் இறங்காதே, அக்குள் படுகிற இடத்தில் மெத்தென்று துணி சுற்று, புண்ணாகிவிடும். நானும் அப்பாவும் அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறோம், உன்னைக் கூட்டிக்கொண்டு வர இல்லை. இரண்டு வாரம் லீவு போட்டிருக்கிறோம், ஸ்டூலைத் தூக்க ஆள் வேண்டுமே. வயலில் நீ எங்கே போடு என்றாலும் போடுகிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ண முடியாது.

எங்கள் இரண்டு பேர் ஆயுசிலும் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு நீ நன்றாக இரு கண்ணே, எலும்பு சீக்கிரம் கூடட்டும், எடுத்த காரியம் முடியட்டும். ஒன்று ஞாபகம் வை. நாங்கள் வந்து மணி அடித்ததும், ஒன்றும் இல்லாததுபோல் காட்டிக்கொள்ளக் கட்டையை மறைத்து வைத்துவிட்டு எழுந்து வருவாய், எனக்கு உன்னைத் தெரியும். எழுந்து வராதே. கதவைத் தாழ் போடாமல் சாத்தி வை, நாங்களே திறந்துகொண்டு வருகிறோம், நீ உட்கார்ந்தே இரு.

இப்படிக்கு
உன் சந்தேகக்கார அம்மா