அரிக்குது டாக்டர்

ஜூலை 7, திங்கள்

வேலையிலிருந்து வந்ததும் நேரே குளியலறைக்குள்தான் ஓடினேன். அரிப்பு தாங்கவில்லை. ரவாங் தொழிற்சாலையில் ஒரு பிரிவையே அதட்டி வேலை வாங்குகிறவள், இன்று மீட்டிங்கில் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். கர்ப்பத்தில் வெள்ளை படும், தெரியும். ஆனால் இது தயிர்க்கட்டி மாதிரி திட்டுத்திட்டாக. வாடை இல்லை, எரிச்சல்தான். ஆறாம் மாதத்தில் இது என்ன புதுத் தொல்லை?

ஜூலை 9, புதன்

நான் நெளிவதை அத்தை பார்த்துவிட்டார். என் கணவர் முகுந்தனைப் பெற்றவராயிற்றே, கண்ணுக்கு எதுவும் தப்பாது. "எல்லாம் உடம்புச் சூடும்மா. வேப்பிலைத் தண்ணில கழுவு." கூடவே, அசாம் ஜாவா பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில் விற்கும் வெற்றிலைச் சாறு வாஷ், பாதிப் புட்டி தந்தார். இரண்டாலும் கழுவினேன். இப்போது மிளகாய் தேய்த்த மாதிரி காந்துகிறது.

ஜூலை 11, வெள்ளி

கிளினிக்கில் மாதப் பரிசோதனை. "வேற ஏதும் பிரச்சனை இருக்கா?" என்று டாக்டர் ரூபிணி கேட்டார். பக்கத்தில் அத்தை. "ஒண்ணுமில்ல டாக்டர்."

சே! என்ன வாய் இது? ஊருக்கெல்லாம் சட்டம் பேசும், எனக்கு ஒன்றென்றால் பூட்டிக்கொள்ளும்.

ஜூலை 14, திங்கள்

கூட வேலை செய்யும் விஷாலினியிடம் மட்டும் சொன்னேன். "எனக்கும் வந்துச்சு லா. ஒரே கேப்சூல், போயிடுச்சு" என்று தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றைக் கொடுத்தாள். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை இல்லையே — இத முழுங்கி என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா? ஐயோ, வேணாம். நாளைக்கே கிளினிக்.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்!

அத்தையும் கூட வந்தார். அறைக் கதவருகே திரும்பி, "நீங்க வெளிய இருங்க அத்தை" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. பரவாயில்லை. உள்ளே போய் உட்காரும் முன்பே, "கீழ அரிக்குது டாக்டர். போன தடவ பொய் சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்தார். ஈஸ்ட் தொற்று. ஒரு வகைப் பூஞ்சையாம், கர்ப்பத்தில் சகஜமாம். நான் அசுத்தமாக இருந்ததால் வந்ததில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சும்மா விடக் கூடாது." முதல் பாதியைக் கேட்டதுமே அழுதுவிட்டேன்.

கேப்சூலை எடுத்துக் காட்டினேன். "நல்லவேள, முழுங்கல. கர்ப்பத்துல இது வேணாம்." உள்ளே வைக்கும் மாத்திரை ஒரு வாரத்துக்கு, வெளியே பூச க்ரீம். வேப்பிலை, வெற்றிலை, வாசனைச் சோப்பு எல்லாம் நிறுத்தியாயிற்று. வெறும் தண்ணீர், பருத்தி உள்ளாடை, அவ்வளவுதான். இரத்தத்தில் சர்க்கரையும் பார்த்தார். இனிப்பு நீர் வியாதி இருந்தால் இது திரும்பத் திரும்ப வருமாம். எனக்கு இல்லை.

ஜூலை 16, புதன்

அத்தை என்னோடு பேசவில்லை. டாக்டர் சொன்ன அத்தனையையும் முகுந்தனிடம் சத்தமாகவே சொன்னேன், சமையலறைக்கும் கேட்கட்டும் என்று. இனிப்பு நீர் என்றதும் அங்கே கரண்டிச் சத்தம் நின்றது.

ஜூலை 19, சனி

அரிப்பு போயே போச்சு! மீதி மாத்திரையை விடப்போவதில்லை, முழுவதும் முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. முகுந்தனை இழுத்துக்கொண்டு கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்தேன். கடைசி வரை நெளியாமல் உட்கார்ந்திருந்தேன். மகாராணி மாதிரி!

ஜூலை 26, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்குக் குடுத்தாங்களே, அந்த மருந்து... எனக்கும் குடுப்பாங்களா?"

அவருக்குப் பல வருடமாக இனிப்பு நீர். அரிப்பும் பல வருடமாகவாம்! சூடு, சூடு என்று கழுவிக் கழுவியே காலத்தைத் தள்ளியிருக்கிறார். எனக்குத் தந்த பாதிப் புட்டி அவருடையதேதான். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

டாக்டர் ரூபிணியின் அறை வாசலில் நான் ஒதுங்கி நின்றேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் உள்ள வா. நான் திக்கினா நீ சொல்லு."

திக்கவே இல்லை.