கால்கரிக்குப் பதினாறே முக்கால் மணி நேரம்

ஜனவரி 18

ரஞ்சனிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. எட்டாம் மாதம். விமானத்தில் போக அனுமதிக் கடிதம் தர மாட்டேன் என்று கால்கரி டாக்டர் சொல்லிவிட்டாராம். தலைப்பிரசவத்துக்கு மகள் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவாள் என்று மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

டிசம்பரிலேயே வந்திருப்பாள். டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. ராஜபாளையத்துச் சம்பந்தியம்மா செல்லக்கனிதான் மாற்றச் சொன்னார். "ஏழாம் மாசம் மார்கழில வருது மதினி. மார்கழில யாரும் வளைகாப்பு போடுவாகளா? தை பொறக்கட்டும், ஒம்பதுல போடுவோம்." மாப்பிள்ளை கௌதம்ராஜ் அம்மா சொன்னபடி தேதியை மாற்றினான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று நான் சொல்லவும் இல்லை.

தை பிறந்து நாலு நாள் ஆகிறது.

ஜனவரி 19

வகுப்பில்லாத நேரத்தில் கல்லூரிக் கம்ப்யூட்டரில் தூரம் எவ்வளவு என்று தேடினேன். ஒரு கட்டத்தில் மதுரை, மறு கட்டத்தில் கால்கரி. பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினாறே முக்கால் மணி. படத்தில் கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது. அந்த வழியில் மதுரையிலிருந்து எந்த விமானமும் கிடையாது. தூரத்தை வேகத்தால் வகுத்த வெறும் கணக்கு. இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நிஜ டிக்கெட்டில் முப்பத்துமூன்று மணி. அதற்கும் விசா வேண்டும்.

ஜனவரி 23

சென்னை போய் விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். அவசரம் என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஜனவரி 31

வரவில்லை.

பிப்ரவரி 4

செல்லக்கனி கல்லூரி வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு வளையல் பெட்டி. "போகையில கொண்டு போங்க மதினி. நான் கெடுதல் நெனச்சுச் சொல்லல." கண்ணாடி வளையல் விமானத்தில் உடையும் என்றேன். அது ஒன்றுதான் என் வாயில் வந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்கிறாள். "நீ எப்பம்மா வருவ?"

"வந்துருவேன்டி. ஒரு நாள் பயணம்தான்."

ஒரு நாளா? எதை வைத்துச் சொன்னேன்?

பிப்ரவரி 11

கண்ணு மங்குதுன்னாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம். அதுக்குப் பொறவு போன் எடுக்கல — ரெண்டு பேரும் எடுக்கல. நான் இங்க உக்காந்து அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். டிசம்பர்ல ஏன் வாயத் தொறக்கல நான்? சம்பந்தி மனசு நோகும்னா?

பிப்ரவரி 12

கௌதம்ராஜ் பேசினான். ரஞ்சனி உயிரோடு இருக்கிறாள் என்றான். மேலே அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 14

விசா வந்துவிட்டது.

பிப்ரவரி 18, கால்கரி

ரஞ்சனிக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. காலையில் எழுந்து உட்கார்ந்தாள். தொட்டிலைப் பிரிக்காத பெட்டியோடு கடையில் திருப்பிக் கொடுக்கக் கௌதம்ராஜ் போயிருக்கிறான்.

பால் கட்டி அவளுக்கு மார்பு கல்லாகக் கிடக்கிறது. என்னைத் தொட விடவில்லை. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று செல்லக்கனி போனில் சொன்னார், சொல்லும்போதே அழுதார். இதையெல்லாம் நான் நம்பியதில்லை.

வெளியே பனி கொட்டுகிறது. இந்த ஊரில் மல்லிகை எங்கே கிடைக்கும் என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தேன்.