வேலியோரப் புதர்

என்னங்க,

நான் சுகம். உங்கள் இருமல் விட்டதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஒரு விஷயம். பதறாதீர்கள், முடிந்துவிட்டது. எங்கள் மருத்துவமனைத் தோட்டத்தின் வேலியோரம் இந்த மண்ணிலேயே தானாக வளர்ந்த புதர் இருக்கிறது. வெளிநாட்டுப் பூச்செடி வைக்க வேண்டும், இதற்குக் களைக்கொல்லி அடி என்றார் மேற்பார்வையாளர்.

"தேனீ எல்லாம் இதுலதாங்க இருக்கு. இது போச்சுன்னா சமையலறைக்குப் போற பூசணி காய்க்காது" என்றேன்.

"சொன்னதைச் செய். இல்லேன்னா பெட்டியைக் கட்டு!"

நான் களைக்கொல்லி டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் புகார் சொல்ல, பெரிய டாக்டரம்மாவின் அறை வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பாப்பாவின் பள்ளிக்கூடம்தான் நினைவில் ஓடியது. டாக்டரம்மா வந்து, "எங்கே, காட்டும்மா" என்றார். காட்டினேன். புதர் முழுக்கத் தேனீ. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது இருக்கட்டும். இவங்களும்தான்" என்றார் மேற்பார்வையாளரிடம்.

மேற்பார்வையாளர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. போகட்டும்.

முட்டிக்குத் தைலம் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், ஆனால் நீங்கள் அனுப்பினால் தேவலை. கூடவே கடிதமும் வையுங்கள். இரண்டு வரி போதாது, திட்டினாலும் பக்கம் நிறையத் திட்டுங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா