பெரிய மோட்டாருக்குத் துணையாக ஒரு சின்ன மோட்டார்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. வலையை எடுக்கப் படகில் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

போன வாரம் நடுக்கடலில் மோட்டார் நின்றுபோய், நான் துடுப்புப் போட்டே கரை சேர்ந்ததிலிருந்து நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றது?" என்று அன்றைக்குக் கத்தினீர்களே, அதை நான் காதில் வாங்காமல் இல்லை.

நேற்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, படகின் பின்பலகையில் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டிவிட்டேன். முதலில் பெரிய மோட்டாருக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டோம். பெரியதைத் திருப்பினால் இரண்டும் இடித்துக்கொண்டன. கழற்றி ஒரு சாண் தள்ளி மாட்டினோம். திருகு தளர்ந்தாலும் தண்ணீரில் விழாதபடி சங்கிலியும் போட்டாயிற்று.

அப்புறம் கடலுக்குள் போய்ப் பெரியதை நிறுத்திவிட்டுச் சின்னதன் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஆமை வேகம்தான், ஆனால் பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டது. சத்தம் காதைப் பிளக்கிறது. உங்கள் தங்கையோ, "அண்ணன் போடுற சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை அண்ணி" என்கிறாள்.

சாயங்காலம் துறைக்கு வாருங்கள், ஒரு சுற்றுப் போய் வரலாம். கயிற்றை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

பி.கு.: என் லைஃப் ஜாக்கெட்டில் யாரோ ஒரு விசிலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பேசாத ஆள் செய்கிற வேலையா இது? ஊதிப் பார்க்க ஆசைதான். நீங்கள் எழுந்துவிடுவீர்களே என்று விட்டுவிட்டேன்.