மிஸ்ஸியம்மா நாளில் வேதம் வாசிப்பது

3 ஜூலை 1958, வியாழன்
விடியற்காலையில் பலத்த காற்று, மழை. என் கையால் எழுதும் இரண்டாவது பக்கம் இது. எழுத்து இன்று கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சந்தோஷம்.

ஞாயிறு, மிஸ்ஸியம்மாவின் நினைவு நாள். சீமையிலிருந்து கப்பலில் தனியாகச் சிங்கப்பூர் வந்து, தேக்காவில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை போட்டு, கூலியாட்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அதுதான் இன்று எங்கள் சபை. அப்போது பெஞ்சு தூக்கிப் போட்டவன் நான். உட்கார்ந்து படித்ததில்லை, துறைமுகத்தில் இரவு வேலை.

அம்மா வைத்த வழக்கம்: அந்த வருடம் புதிதாய்ப் படிக்கக் கற்றவர்தான் ஆராதனையில் வேதம் வாசிக்க வேண்டும். திக்கினால் ஒருவரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் நான் ஒருவன்தான்!

4 ஜூலை, வெள்ளி
வெயில். தேங்காய், கறிவேப்பிலை. சந்தையில் சபைச் செயலர் தேவசகாயம் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அம்மாவோட சொந்தக்காரங்க வந்திருக்காங்க. நம்ம பள்ளிக்கூடத்து டீச்சர் படிக்கட்டும் லா. நீங்க ஆரம்பிச்சா மத்தியானச் சோறு ஆறிடும்."

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மனைவி ரோசம்மா: "அவருக்குச் சோத்துக் கவலை. நீங்க சத்தமா படிச்சுப் பழகுங்க."

5 ஜூலை, சனி
புழுக்கம். போதகர் வீடு. தேவசகாயமும் அங்கே. "அண்ணன் எங்கய்யா படிக்கிறாரு? இத்தனை வருசம் காதுல கேட்டதை ஒப்பிக்கிறாரு."

கோபம் வந்துவிட்டது. "எந்தப் பக்கம்னு இப்ப சொல்ல வேணாங்கய்யா. நான் மேடையில நிக்கும்போது அவரே புரட்டட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம். போதகர் தலையாட்டிவிட்டார்.

6 ஜூலை, ஞாயிறு
முன்வரிசையில் இரண்டு வெள்ளைக்கார அம்மாக்கள். தேவசகாயம் புரட்டிய பக்கம், ஆள் பெயர்களாகவே வரும் வம்ச வரலாறு. யாரும் மனப்பாடம் செய்யாத பக்கம்.

விரல் வைத்துப் படித்தேன். நான்காம் பெயரில் நின்றுவிட்டேன். மின்விசிறிச் சத்தம். எங்கோ குழந்தை அழுகை. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். இருமினார். பிறகு அவர் உதடு மெல்ல அசைந்தது. முதல் எழுத்தைக் காட்டுகிறார், எனக்கு!

பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வழக்கம் வழக்கம்தான். எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். வந்தது.

கடைசிப் பெயர் வரை படித்தேன். சோறு ஆறித்தான் போயிருந்தது. தேவசகாயம் என் தட்டில் கறி அள்ளி வைத்தார். "சூடா இருந்தா நாக்கு சுடும் லா, அண்ணே."

7 ஜூலை, திங்கள்
மழை. ரோசம்மா என் சிலேட்டை எடுத்துக்கொண்டாள். "அடுத்த வருசம் நான்தான்."

என் மூக்குக் கண்ணாடியையும் கேட்கிறாள்.