பரீதா கட்டும் சோறு

டிசம்பர் 4, வியாழன்

சீனி மச்சான், காலையிலிருந்து மழை. குசினி ஒழுகுகிறது. சட்டி இரண்டு, வாளி ஒன்று, உங்களுடைய பெரிய கோப்பையும் வைத்துவிட்டேன். காற்றுக்குக் கூரை போன அன்று, "ஊர்ச் சங்கத்து நிவாரணத் தகரம் வரட்டும் புள்ள, நானே ஏறி அடிக்கன்" என்றீர்கள். தகரம் வந்தது. நீங்கள் மௌத்தான கிழமை. எங்கள் தெருவுக்கு வந்த எல்லாவற்றையும் நவாஸ் விற்றுவிட்டான். பக்கத்து வீட்டு நவாஸ்தான். சங்கத்துச் சாமான் அறையின் பூட்டுத் திறப்பு அவன் கையில். இப்போது மறியலில், சிறைக்குள்ளே.

நீங்கள் போனதால் நான் இத்தாவில், நாலு மாதமும் பத்து நாளும். வாசல் தாண்ட முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் கதைப்பதெல்லாம் கேட்கும்.

அவன் பெண்சாதி பரீதா இன்று மறியலுக்குப் போனாள். சோறு, பாரைமீன் ஆணம், மாசிச் சம்பல். வாழையிலை வாட்டின மணம் என் அடுப்படி வரைக்கும். நான் யாருக்குக் கட்ட?

டிசம்பர் 5, வெள்ளி

கொஞ்சம் வெயில். என் கூடப்பிறந்த காக்காவிடம் சொல்ல: தேங்காய் எண்ணெய், நெருப்புப்பெட்டி, உப்பு.

பரீதா தங்கச்சியோடு போனில்: "ஆணத்தில உப்புக் கூடிட்டெண்டு ஏசினாருடி. மறியலுக்குள்ள கிடந்தும் அந்த வாய் அடங்கல்ல!" அழுகையும் சிரிப்பும்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏச ஓர் ஆள் அவளுக்கு. நீங்கள் ஏசவே மாட்டீர்கள். முதல் பிடி வாய்க்குப் போகும்போதே கேட்பேன், உப்புக் காணுமா, போதுமா என்று. "காணும் புள்ள." காணாவிட்டாலும் அதேதான்.

டிசம்பர் 8, திங்கள்

திரும்ப மழை. பரீதா வேலியின் பின் படலையால் வந்தாள். நனைந்து. என்னை அக்கா முறையில் தாத்தா என்பாள்.

"தாத்தா, தகரம் கிடைக்காத வீடெல்லாம் போய்ப் பொருத்தம் கேட்டுட்டன். எல்லாரும் பொருந்திட்டாங்க. நீங்க மட்டும்தான் மிச்சம். எல்லாரும் மன்னிச்சிட்டாங்க எண்டு கோட்டுல சொன்னா வழக்கு முடிஞ்சிருமாம். அவர் வந்திருவாரு."

"கூரையப் பாரு புள்ள. மழை விடட்டும், மறுகா கதைப்பம்."

போய்விட்டாள்.

கூரையைச் சாட்டினேன் மச்சான். தகரம் இல்லை காரணம். "வந்திருவாரு" என்றாளே, அந்தச் சொல். அவன் வந்து விறாந்தையில் இருந்து சோறு கேட்பான். எனக்கு அது கேட்கும்.

டிசம்பர் 10, புதன்

இன்று தீர்ப்பு. பகல் முழுக்க ஒன்றும் சமைக்கவில்லை. பின்னேரம் காக்கா கோட்டிலிருந்து நேரே இங்கே.

"ரெண்டு வருசம். தண்டப்பணம் வேற."

நான் கேட்டேன்: "நான் பொருந்தாததாலயா காக்கா?"

"உனக்கென்ன விசரா? நீ பொருந்தினா அல்லாஹ்க்கிட்ட அவனுக்கு லேசு. கோட்டுக்கு அது காணாது. வழக்குப் போட்டது அரசாங்கம், நீயும் நானும் மன்னிச்சு முடிக்க ஏலா. நீதவான் சொன்னாரு, ஏழைகளுக்கு வந்த சாமான நம்பி ஒப்படைச்சா, அதில கைய வச்சது சும்மா களவு இல்லியாம். நம்பிக்கை மோசடியாம்."

முழுத் தெருவும் பொருத்தத்தை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறது. பரீதா மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினது சும்மா.

முதலில் மனசு லேசானது. பிறகு வெட்கம். பிறகு திரும்பவும் அதே எரிச்சல். இரண்டு வருஷம் என்றால் முடிகிற ஒன்று. ஒருநாள் அவன் படலையைத் திறப்பான். என் இத்தாவும்தான் முடியும். முடிந்தால் வெளியே போகலாம், அவ்வளவுதான். உள்ளே வர ஆள் இல்லை.

டிசம்பர் 13, சனி

மழை இல்லை. காக்கா கூரைக்குப் பொலித்தீன் கட்டினார். கோணல். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

மத்தியானம் பரீதா. கையில் சோற்றுப் பொதி. முகம் வீங்கி.

"பழக்கத்தில சமைச்சுக் கட்டிட்டன் தாத்தா. தீர்ப்பு வந்தாப் பொறகு வீட்டுச் சோறு குடுக்க ஏலாதாம். தங்கச்சி இப்பதான் சொன்னாள். எறியவும் மனமில்ல."

வாங்கினேன். அவளுக்கும் இனிக் கட்ட ஆள் இல்லை. அவள் கேட்காமலே சொன்னேன்: "தகரத்துக்குப் பொருந்திட்டன் புள்ள."

"வேற என்ன இருக்கு தாத்தா?"

இருக்கிறது, அந்த எரிச்சல். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

பொதியைப் பிரித்தேன். அதே பாரைமீன் ஆணம். அவன் ஏசினதற்காக உப்பைக் குறைத்திருப்பாள். ஒரு பிடி வாயில் வைத்தேன், இன்னொரு பிடி. நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

சீனி மச்சான், உப்புக் காணுமா?