விதி என்று சொல்லாமல் நின்றவருக்கு

என் பிரியமுள்ள தாணு மாமா,

உங்களைத் தைக்காட்டு மயானத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று சாயங்காலம் மழை கொட்டியது. பஸ்ஸில் சீலன் என் பக்கத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது கேட்டான்: "அந்த மனுஷன் அன்னைக்குச் சரின்னு தலையாட்டியிருந்தா நாம என்னாயிருப்போம் கோமு?" அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

துக்கம் கேட்க வந்தவர்கள் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார்கள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் கணக்கெழுதியவர், அதிர்ந்து பேசாதவர், நாடகம் என்றால் உயிர். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த தாணு மாமாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கட்டும் என்று இந்தக் கடிதத்தை வெளிப்படையாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மலையாள ஊரில் நம் தமிழ் நாடகக் குழு வருஷாவருஷம் போட்ட அந்த நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் இரண்டு கரையிலும் ஆகாத இரண்டு குடும்பங்கள். இந்தக் கரைப் பெண்ணும் அந்தக் கரைப் பையனும் விரும்புகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவரான ஒரு வைத்தியரிடம் போய் யோசனை கேட்கிறார்கள். அவர் மனம் இளகி, நடு ஆற்றுத் திட்டில் ஒரு குடிசையில் அவர்களை ஒளித்து வைக்கிறார். "யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நான் சமயம் பார்த்துப் பேசுகிறேன்" என்கிறார். சமயம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதற்குள் மலையில் மழை பிடித்து வெள்ளம் வருகிறது. அவர்கள் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் திட்டு மூழ்கிவிடுகிறது. கடைசிக் காட்சியில் இரண்டு உடல்களுக்கு முன்னால் நின்று, "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து வெளியே போவார். திரை விழும்.

வைத்தியர் நீங்கள். அந்தப் பெண் நான். விளக்குப் போட்டவன் சீலன்.

நான் வலியசாலை அக்ரகாரத்துப் பெண். சீலன் பொன்முடி மலையில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். நகரத்தில் மைக்செட் கடையில் வேலை பார்த்தான். மேடையில் நான் செத்துக் கிடக்கும்போது விளக்கை என் முகத்திலிருந்து மெல்ல விலக்குவான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "உன்னை அப்படிப் பாக்க முடியல" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

உங்களுக்கு அந்த வேஷத்தோடு எப்போதும் ஒரு தகராறு இருந்தது. ஒத்திகையில் நாடகம் எழுதிய சாரிடம் கேட்பீர்கள்: "இந்த வைத்தியன் நல்லவனா கெட்டவனா, சார்?"

"நல்லவர்தான் ஓய். அதனாலதான் அது சோகம்."

"நல்லவன் எதுக்கு ஒளிச்சு வச்சான்? அந்தப் பிள்ளையளக் காப்பாத்தவா? இல்ல, ரெண்டு வீட்டுலயும் தனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னா?"

சார் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். நாடகம் முடிந்து டீக்கடையில் ஜனங்கள் பேசுவதை நீங்கள் ஒதுங்கி நின்று கேட்பீர்கள். அப்பன்மார் செய்த பாவம் என்பார் ஒருவர். ஆறு செய்த பாவம் என்பார் இன்னொருவர். வைத்தியரை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "பாவம், அந்த மனுஷன் நல்லதுதானே நினைச்சாரு." அதைக் கேட்டதும் உங்கள் முகம் கறுத்துப் போகும். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வீட்டில் எனக்கு வரன் பார்த்து முடிவு செய்தபோது நானும் சீலனும் உங்களிடம்தான் வந்தோம். வேறு யாரிடம் போவது? கிழக்கேகோட்டையில் ஜனக்கூட்டத்துக்கு நடுவே, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னோம். பொன்முடி மலைப் பாதையில், கல்லாறில் சீலனுடைய நண்பனுக்குக் கடை இருக்கிறது, மாடியில் அறை இருக்கிறது. கொஞ்ச காலம் அங்கே இருந்துகொள்கிறோம். நீங்கள் யாரிடமும் சொல்லவேண்டாம். எல்லாம் ஆறிய பிறகு அப்பாவிடம் பேசுங்கள்.

உங்கள் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"மக்ளே, நான் மேடையில செஞ்ச காரியத்தையே என்கிட்ட கேக்குதியளே" என்றீர்கள். எங்களுக்கு அது வரைக்கும் அது உறைக்கவே இல்லை, மாமா. சத்தியமாக.

பிறகு நிதானமாகச் சொன்னீர்கள். "உனக்கு விவரம் தெரிஞ்ச வயசாச்சு, படிச்சிருக்க. அவன் உழைக்கான். கட்டிக்கிடணும்னா கட்டிக்கிடுங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா ஒளிஞ்சுக்கிடுங்கன்னு சொல்லமாட்டேன். மலையில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும். அதை என்னால தாங்க முடியாது. வேணும்னா உங்க அப்பாகிட்ட வாறேன். இன்னைக்கே வாறேன்."

"எங்களைக் காட்டிக்குடுக்கப் போறேளா?" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீ சரின்னு சொன்னா வருவேன். வேண்டாம்னா வாயத் தொறக்கமாட்டேன், இடமும் பாத்துத் தரமாட்டேன். ஆனா வந்தேன்னா பாதியில போகமாட்டேன், கேட்டியா?"

சீலன்தான் முதலில் எழுந்தான். "போவோம் கோமு. இவரு கூட வாறாருல்லா."

அன்று எங்கள் வீட்டு வாசலில் நடந்தது அந்தத் தெருவுக்கே தெரியும். சீலனைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு, என்னை உங்கள் பின்னால் நிறுத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னீர்கள். அப்பா முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு குரல் உயர்ந்தது. "நாடகத்துல வைத்தியர் வேஷம் கட்டினா ஊருக்கெல்லாம் வைத்தியராயிடுவேளா? யாராத்து விஷயத்துல யார் தலையிடறது?"

"ஓடிப்போக இருந்த பிள்ளை நான் சொன்னதக் கேட்டு உங்க முன்னால வந்து நிக்கா. அதனால இனிமே இவளுக்கு என்ன வந்தாலும் அதுல எனக்குப் பங்கு உண்டு" என்றீர்கள்.

அண்ணா உங்களைப் பிடித்துத் தள்ளினான். படியில் விழுந்தீர்கள். மூக்குக்கண்ணாடி தெறித்துப் போனது, புருவத்தில் ரத்தம். நீங்கள் எழுந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, உடைந்த பக்கத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாறேன்" என்றீர்கள். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சும்மா சொன்னீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் மண்டி விட்டதும் வந்தீர்கள். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "கோமு நல்லா இருக்காளா? ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்" என்றீர்கள். அவ்வளவுதான். வேறு பேச்சில்லை. அதற்கடுத்த நாளும் வந்தீர்கள். மழையிலும் வந்தீர்கள். வாசல் கதவை அடைத்தார்கள், நாய் என்றார்கள், தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். உங்கள் முதலாளி அப்பாவுக்குப் பழக்கமானவர், "அந்தத் தெருப்பக்கம் போகாதேயும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் உங்களை அனுப்பிவிட்டார். வேலை போன அன்றைக்கும் வந்தீர்கள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

நான் உள்ளே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை ராவோடு ராவாக எங்கேயாவது கொண்டுபோய்விடுவதாக அண்ணா பேசியதை நான் கேட்டேன். "அந்த மனுஷன் நாளைக்கு வந்து கேப்பாரே, தெருவுக்கு என்ன பதில் சொல்றது?" என்று அம்மா சொன்னதையும் கேட்டேன். தினமும் ஒரு கேள்வியைக் கேட்டே ஒரு மனிதர் இன்னொரு உயிரைக் காவல் காக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சீலன் வீட்டாரிடம் பேச நீங்கள் பொன்முடிக்குப் போனதை அவன் பிறகு சொன்னான். அந்த வளைவுகளில் பஸ் ஏறி இறங்கி, வாந்தியெடுத்து, வெளுத்த முகத்தோடு லயத்து வாசலில் போய் நின்றீர்களாம். சீலனுடைய அம்மா உங்கள் காலில் விழப்போனார்களாம். "அந்தப் பெரிய வீட்டுப் பொண்ணு வேண்டாம்யா. எம்பிள்ளையக் கொன்னுருவாங்க."

"பயப்படாதீங்கன்னு சொல்ல வரலம்மா. நானும் பயந்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றீர்களாம். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் உங்களுக்குப் பால் ஊற்றாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்களாம்.

அப்பா சம்மதிக்கவில்லை. கடைசி வரை சம்மதிக்கவே இல்லை. ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல், "போறதுன்னா வாசல் வழியாப் போ. பின்பக்கமாப் போனாள்னு யாரும் சொல்லப்படாது. திரும்பி வராதே" என்றார். அம்மா ஒரு புடவையை என் பையில் திணித்தாள். கதவைத் திறந்தால் வெளியே நீங்கள் நின்றீர்கள். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் பக்கத்தில் நடந்து போனேன். நீங்களும் பயந்துகொண்டுதான் நடந்தீர்கள், மாமா. நான் கவனித்தேன்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். அதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது என்று யார் வேண்டுமானாலும் நினைத்திருப்பார்கள். நீங்கள் நினைக்கவில்லை. விசேஷ நாட்களில் அப்பா வீட்டுக்குப் போனீர்கள். அவர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார். மறுபடியும் போனீர்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "உனக்கு அப்பா இல்லாமப் போனதும் நான் சொன்னதால வந்ததுதானே மக்ளே?" என்றீர்கள். ஒரு ஓணத்துக்கு அப்பா கதவைப் பாதி திறந்து, "அவ சாப்பிடறாளா?" என்று மட்டும் கேட்டாராம். அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்காக வலியசாலையிலிருந்து என் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்தீர்கள். அதற்குப் பிறகு அப்பா போய்ச் சேரும் வரை உங்களிடம்தான் என்னைப் பற்றிக் கேட்டார். என்னிடம் பேசவே இல்லை. அது சரியாகியிருக்குமா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால்? நீங்களும் நானும் இதைப் பேசி முடித்ததே இல்லை.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த நாடகத்தை மறுபடியும் போட்டார்கள். என் வேஷத்தில் வேறு ஒரு பெண். சீலன் விளக்கில். நான் சபையில். கடைசிக் காட்சி வந்தது. இரண்டு உடல்களுக்கு முன்னால் வந்து நின்றீர்கள். "எல்லாம் விதி" என்று சொல்லவேண்டிய இடம். நீங்கள் சொல்லவில்லை. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து உள்ளேயிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நீங்கள் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தீர்கள்.

"நான்தான் சொன்னேன்" என்றீர்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

நடந்து வெளியே போகவேண்டிய நீங்கள் போகவில்லை. அங்கேயே இருந்தீர்கள். திரை இழுப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சீலன் விளக்கை அணைக்கவில்லை. சபையில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலில் நடை திறக்கும்போது வருமே, அப்படி ஒன்று.

சார் மேடைக்குப் பின்னால் வந்து, "என் நாடகத்தைக் கெடுத்துட்டீரே ஓய்" என்றார். நீங்கள் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னால போக முடியல சார்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்களுக்கு வேஷம் கொடுக்கவில்லை.

இப்போதைய செய்தி ஒன்று சொல்லவேண்டும். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ரேஷ்மா என்று ஒரு புது டீச்சர் சேர்ந்திருக்கிறாள். சிரித்த முகம். வேறு மதத்துப் பையன் ஒருவனை விரும்புகிறாள். போன வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, உங்க மாடி ரூம் சாவி தருமோ? தற்காலம் ஆரோடும் பறயண்டா" என்றாள். இப்போதைக்கு யாரிடமும் சொல்லவேண்டாமாம்.

மாமா, சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபம் அது! அவள் என்னைக் கட்டிக்கொண்டிருப்பாள். யாரும் என்னைத் திட்டியிருக்கமாட்டார்கள். நல்லவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போய்க் காபி குடித்திருக்கலாம். அந்த நிமிஷத்தில்தான், அன்றைக்குக் கிழக்கேகோட்டையில் நீங்கள் எவ்வளவு பெரிய ஒன்றைத் தூக்கிக்கொண்டீர்கள் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் உங்களோடு பழகியும் எனக்கு அது தெரியவில்லை. மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

சாவி தரவில்லை. வேண்டுமானால் அவள் அப்பாவிடம் கூட வருகிறேன் என்றேன். அழுதாள், கோபித்துக்கொண்டாள், இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று வந்து, "ஞாயிற்றுக்கிழமை வரான் பற்றுமோ சேச்சி?" என்று கேட்டாள். வர முடியுமா என்கிறாள்.

அவள் அப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் என்கிறாள். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்ப வைக்கலாம். சீலன் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே காத்திருக்கிறேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போவேன் மாமா. திங்கட்கிழமையும் போவேன். கதை எப்படி முடிந்தாலும் அவளை விட்டு நகரமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகள்,
கோமு